பாட்டரி வண்டிக்கு உயிர் கொடுத்த போர்ஷே

1900-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. சுமார் 5 கோடிப் பேர் வந்து பார்த்த கண்காட்சி அது. ராட்சத யந்திரங்கள், வண்ண வண்ண மின்சார விளக்குகள், ஆட்களைச் சுமந்துகொண்டு தானே நகரும் நடைபாதை என்று எங்கு திரும்பினாலும் அதிசயம்தான்.

அந்த அதிசயங்களுக்கு நடுவே ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்த ஒரு வண்டி நின்றது. பார்வைக்குக் குதிரை பூட்டும் சாரட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் குதிரை இல்லை. புகை இல்லை. சத்தமும் இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் மோட்டார் கண்ணில் படாது. பல்சக்கரம், சங்கிலி எதுவும் கிடையாது. மோட்டார் முன் சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. சக்கரமே மோட்டார், மோட்டாரே சக்கரம்!

இதைச் செய்தவர் பெரிய பேராசிரியர் அல்ல. பட்டம் பெற்ற எஞ்சினீயரும் அல்ல. 25 வயது கூட நிரம்பாத ஒரு வாலிபர். அவர் பெயர் பெர்டினாண்ட் போர்ஷே.

இன்று போர்ஷே என்றதும் கோடீசுவரர்கள் ஓட்டும் பந்தயக் கார்தான் பலருக்கும் ஞாபகம் வரும். கொஞ்சம் பழைய விஷயம் தெரிந்தவர்களுக்கு ஆமை முதுகு போன்ற வோல்க்ஸ்வாகன் காரும் ஞாபகம் வரலாம். ஆனால் அவர் முதலில் கட்டியது மின்சார வண்டி. பாட்டரி தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியதுதான் அவருடைய வாலிபப் பருவத்தின் கதை. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆகையால் அந்தக் கதையும் பழசாகவில்லை.

தகரப் பட்டறைப் பையன்

போர்ஷே 1875-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி மாபர்ஸ்டார்ப் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் பொஹீமியாப் பகுதியில் இருந்தது. இன்று அது செக் குடியரசில் லிபெரெட்ஸ் நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

தகப்பனார் அந்தோன் போர்ஷே தகர வேலை செய்பவர். ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். பட்டறைக்கு வாரிசாக மூத்த மகன் இருந்தான். ஆனால் வேலையில் நேர்ந்த விபத்தில் அவன் இறந்துபோனான். பட்டறையைத் தாங்கவேண்டிய பொறுப்பு பெர்டினாண்டின் தலையில் விழுந்தது.

பையனுக்கோ தகரத்தில் மனம் செல்லவில்லை. ஊரில் கின்ஸ்கை குடும்பத்தாரின் பெரிய ஜமக்காள ஆலை ஒன்று இருந்தது. அங்கே மின்சார விளக்கு எரிந்தது. அந்த வட்டாரத்துக்கே அது புதுமை. பெர்டினாண்டுக்கு அந்த ஆலைதான் கோயில். நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய் நின்று, கம்பி எங்கே போகிறது, டைனமோ எப்படிச் சுழல்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் பைத்தியம் தகப்பனாருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தாயார்தான் மகன் பக்கம் நின்றாள். பகலில் பட்டறை வேலை, இரவில் ரைகன்பெர்க் நகரத் தொழிற்பள்ளியில் படிப்பு என்று சமரசம் ஏற்பட்டது.

1893-ம் ஆண்டில் தகப்பனாருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மகன் தானே கம்பி இழுத்து, சாதனங்களைப் பொருத்தி, வீட்டில் மின்சார விளக்கை எரியவைத்துவிட்டான்! தகப்பனார் அதற்குமேல் தடுக்கவில்லை. 18 வயதில் பெர்டினாண்ட் வியன்னாவுக்குப் புறப்பட்டார்.

வியன்னாவில் பேலா எக்கர் என்ற மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தவர் நாலே வருஷத்தில் சோதனைப் பகுதியின் தலைவராகிவிட்டார். மாலை நேரத்தில் வியன்னா தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், மாணவர்களோடு மாணவராகப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். அவர் அங்கே சேர்ந்து படித்தவர் அல்ல. சம்பளம் கட்டியவரும் அல்ல. திருட்டுத்தனமாகக் கேட்ட பாடந்தான் அவருடைய கல்லூரிப் படிப்பு முழுவதும்.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கும் யோசனை இந்த நாட்களில்தான் அவருக்கு உதித்தது. இதே யோசனை அமெரிக்காவிலும் சிலருக்கு முன்பே தோன்றியிருந்தது. ஆனால் அதை விலைக்கு விற்கும் வண்டியாக ரோட்டில் ஓடவிட்டவர் போர்ஷே.

ஈயத்தின் பாரம்

வியன்னாவில் லோனர் கம்பெனி என்றால் அரண்மனைக்கே சாரட்டு செய்துகொடுத்த கம்பெனி. அதன் முதலாளி லுட்விக் லோனர் தொலைநோக்கு உள்ளவர். குதிரை வண்டியின் காலம் முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெட்ரோல் வண்டியின் நாற்றமும் தடதடப்பும் தம் வாடிக்கைக்காரர்களான பிரபுக்களுக்கு ஒத்துவராது என்று நினைத்தார். ஆகவே மின்சாரத்தின் பக்கம் திரும்பினார். எக்கர் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்தபோது போர்ஷேயின் திறமை அவர் கண்ணில் பட்டது. சீக்கிரத்தில் அந்த வாலிபரைத் தம் கம்பெனிக்கே அழைத்துக்கொண்டார்.

மோட்டார் வண்டி எதன் பலத்தில் ஓடவேண்டும் என்பது அந்த நாட்களில் தீர்ப்பாகாத வழக்கு. 1900-ம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 வண்டிகளில் 1,681 நீராவி வண்டிகள். 1,575 மின்சார வண்டிகள். பெட்ரோல் வண்டிகள் 936 தான். பெட்ரோல் வண்டியைக் கிளப்புவதென்றால் முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். யந்திரம் எதிர்த்து உதைத்தால் கை ஒடியும். மின்சார வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. விசையைத் திருப்பினால் புறப்பட்டுவிடும்.

பாரிஸ் கண்காட்சியில் நின்ற லோனர்-போர்ஷே வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டிலும் ஆளுக்கொரு மோட்டார். ஒவ்வொன்றுக்கும் சாதாரணமாக இரண்டரைக் குதிரை சக்தி. பல்சக்கரங்களிலும் சங்கிலிகளிலும் வீணாகும் சக்தி மிச்சம். அதே ஆண்டு செப்டம்பரில் வியன்னாவுக்குத் தெற்கே உள்ள செம்மெரிங் மலைப் பாதையில் போர்ஷே தம் வண்டியை ஓட்டிக் காட்டினார். 10 கிலோமீட்டர் மலை ஏற்றத்தைச் சுமார் 15 நிமிஷத்தில் ஏறிவிட்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம்.

புகழ் வந்தது. ஆனால் ஒரு குறை கூடவே வந்தது.

வண்டியில் இருந்த பாட்டரியின் எடை சுமார் 410 கிலோ! ஆறு பெரிய ஆட்களை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு திரிவது போல. அந்த ஆறு பேரும் சுமந்துகொண்டு வந்த சக்தியோ வண்டியைச் சுமார் 50 கிலோமீட்டர்தான் தள்ளும். அதற்கு மேல் போகவேண்டுமானால் சார்ஜ் ஏற்ற வேண்டும். வியன்னா நகரத்துக்குள் நாடகத்துக்கும் விருந்துக்கும் போய்வரும் சீமாட்டிக்கு இது போதும். ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு? மின்சாரம் எல்லா ஊரிலும் இல்லாத காலம் அது. நடுவழியில் பாட்டரி தீர்ந்தால் கேவலம் குதிரையைத்தான் கூப்பிடவேண்டும்!

தூரம் வேண்டுமென்றால் பாட்டரியைக் கூட்டலாமே என்று தோன்றும். லூட்டன் நகரத்து இங்கிலீஷ்காரர் ஒருவருக்கு அந்த ஆசை வந்தது. அவருக்காகப் போர்ஷே நாலு சக்கரத்திலும் மோட்டார் வைத்த ஒரு வண்டியைக் கட்டினார். நாலு சக்கரமும் தாமே இழுக்கும் கார்களின் முன்னோடிகளில் அது ஒன்று. அதில் ஏற்றிய பாட்டரியின் எடை சுமார் 1,800 கிலோ! பாதி யானை எடையை ரப்பர் டயர்கள் எப்படித் தாங்கும்? 1899-ம் ஆண்டில் பெல்ஜிய வீரர் ஜெனாட்ஸி முதல் முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது ஒரு மின்சார வண்டியில்தான். அதற்கு, ஒருபோதும் திருப்தி அடையாதவள் என்று பிரெஞ்சில் பெயர். இங்கிலீஷ்காரரின் பாரவண்டிக்கு, எப்போதும் திருப்தியானவள் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பெயரில் இருந்த திருப்தி போர்ஷேயின் மனத்தில் இல்லை.

கணக்கு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தூரம் கூட பாட்டரி கூடவேண்டும். பாட்டரி கூடினால் பாரம் கூடும். பாரம் கூடினால் அதை இழுக்கவே பாதி மின்சாரம் போய்விடும். ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் சேர்ந்த ஒரு கிலோ பாட்டரியில் அடங்கும் சக்தி மிகக் கொஞ்சம். ஒரு கிலோ பெட்ரோலிலோ அதைப்போல் சில நூறு மடங்கு அடங்கியிருக்கிறது. பெட்ரோல் யந்திரம் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் நிற்பது ஈயத்தைவிட ஐம்பது மடங்குக்கு மேல்.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நல்ல பாட்டரியைக் கண்டுபிடிப்பது. அமெரிக்காவில் எடிசன் அந்த வழியில் இறங்கினார். ஈயத்தை ஒதுக்கிவிட்டு நிக்கலையும் இரும்பையும் வைத்துப் பாட்டரி செய்ய அவர் சுமார் பத்து வருஷம் பாடுபட்டார். பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரத்து மின்சாரக் கார்களில், கூடப் பணம் கொடுத்தால் ஈயப் பாட்டரிக்குப் பதில் எடிசன் பாட்டரி வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

இரண்டாவது வழி, இருக்கிற பாட்டரிக்கு ஒரு துணையைக் கொடுப்பது. போர்ஷே இந்த வழியைப் பிடித்தார்.

செம்பர் வைவஸ்

1900-ம் ஆண்டு முடிவதற்குள் அவர் புது வண்டி ஒன்றைக் கட்டினார். அதற்குச் செம்பர் வைவஸ் என்று பெயர். லத்தீன் பாஷையில், என்றும் உயிருள்ளது என்று அர்த்தம். நடுவழியில் சாகாத வண்டி என்பதுதான் பெயரின் சூட்சுமம்.

வண்டியின் நடுவே சிறிய பெட்ரோல் யந்திரங்கள் இரண்டு. பிரெஞ்சுக் கம்பெனியான டி டியோன்-பூட்டோன் செய்தவை. ஒவ்வொரு யந்திரத்தோடும் ஒரு டைனமோ. இந்த யந்திரங்களுக்கும் சக்கரங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் மின்சாரந்தான். பெட்ரோல் யந்திரத்தின் வேலை டைனமோவைச் சுழற்றுவது ஒன்றே. டைனமோவிலிருந்து வரும் மின்சாரம் நேராகச் சக்கர மோட்டார்களுக்குப் போகும். மிஞ்சினால் பாட்டரியில் சேரும்.

அதனால் பாட்டரியைக் குறைக்க முடிந்தது. 74 அறைகளுக்குப் பதில் 44 அறைகள் போதும் என்றாயிற்று. யந்திரங்களை நிறுத்திவிட்டுப் பாட்டரியில் மட்டும் சத்தமில்லாமல் போகவும் முடியும். பாட்டரி இறங்கும்போது யந்திரத்தைக் கிளப்பிக்கொள்ளலாம். கிளப்புவதற்குக் கைப்பிடி சுற்றவேண்டியதில்லை. பாட்டரி மின்சாரத்தை டைனமோவுக்குத் திருப்பினால் டைனமோவே மோட்டாராகிப் பெட்ரோல் யந்திரத்தைச் சுழற்றிக் கிளப்பிவிடும். சாதாரணப் பெட்ரோல் கார்களுக்கு இந்த வசதி 1912-ம் ஆண்டில்தான் அமெரிக்கக் காடிலாக் காரில் வந்தது. போர்ஷேயின் வண்டியில் அது பத்து வருஷத்துக்கு முன்பே ஓசைப்படாமல் இருந்தது.

இப்படிப் பாட்டரியும் துணையும் சேர்ந்து செம்பர் வைவஸ் சுமார் 200 கிலோமீட்டர் வரை போகும் என்று கணக்கு. ஐம்பது எங்கே, இருநூறு எங்கே!

பெட்ரோலையும் மின்சாரத்தையும் கூட்டுச் சேர்க்க முயன்றவர் போர்ஷே ஒருவரே என்று சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தில் பீப்பர் என்பவரும் அதே சமயத்தில் முயன்றார். ஆனால் பீப்பரின் வண்டியில் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து இழுத்தன. போர்ஷேயின் வண்டியில் பெட்ரோல் சமையற்காரன், பரிமாறுகிறவன் மின்சாரம். தண்டவாளத்தில் டீசல் ரயில் எஞ்சின் போகிறதே, அதற்குள் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். டீசல் யந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றும்; சக்கரத்தைச் சுழற்றுவது மின்சார மோட்டார்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இதே ஏற்பாடு சின்ன மின்சாரக் கார்களில் திரும்பி வந்தது. இப்போது அதற்கு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்று பெயர். போகும் தூரத்தை நீட்டிக் கொடுப்பது என்று பொருள். 2013-ம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஐ-3 என்ற சின்ன மின்சாரக் காரை வெளியிட்டது. விரும்புகிறவர்கள் கூடப் பணம் கொடுத்து, பின்பக்கத்தில் 647 சி.சி. அளவுள்ள குட்டிப் பெட்ரோல் யந்திரம் வைத்த காரை வாங்கலாம். பெட்ரோல் தொட்டி 9 லிட்டர்தான். யந்திரம் சக்கரத்தைத் தொடாது. மின்சாரம் உண்டாக்குவதோடு சரி. போர்ஷே உயிரோடிருந்து பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

அந்தக் குட்டி யந்திரத்தின் முடிவு கவனிக்கத்தக்கது. ஐ-3 காரில் முதலில் இருந்த லித்தியம் பாட்டரியில் சுமார் 22 யூனிட் மின்சாரம் அடங்கும். பிறகு அதே இடத்தில் அடங்கும்படியாக 33 யூனிட் பாட்டரி வந்தது. பிறகு 42 யூனிட் வந்தது. பாட்டரியே போதும் என்றான பின் 2018-ம் ஆண்டில் ஐரோப்பாவில் பெட்ரோல் யந்திரத்தைக் கைவிட்டார்கள். பாட்டரி வளர்ந்தது, துணை விடைபெற்றது.

போர்ஷேயின் காலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். பாட்டரி வளரவில்லை. துணைதான் வளர்ந்தது.

செம்பர் வைவஸில் குறைகள் இருந்தன. பாரம் இன்னும் அதிகம். மோட்டார் வைத்த சக்கரங்கள் கனமாக இருந்ததால் குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி முரண்டியது. தூசியும் எண்ணெயும் மின்சார உறுப்புகளைக் கெடுத்தன. ஆகவே விற்பனைக்கு வந்த வண்டியில் போர்ஷே ஏற்பாட்டை மாற்றினார். இரண்டு குட்டி யந்திரங்களை எடுத்துவிட்டு, டெய்ம்லர் கம்பெனியின் ஐந்தரை லிட்டர் நாலு சிலிண்டர் யந்திரம் ஒன்றை முன்னால் வைத்தார். அது சுழற்றிய டைனமோ சக்கரங்களுக்கு நேராக மின்சாரம் கொடுத்தது. பாட்டரியோ சின்னதாகி ஒரு மூலைக்குப் போய்விட்டது. கலப்பு என்று பொருள்படும் மிக்ஸ்ட் என்ற பெயர் இந்த வண்டிக்கு வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்!

மிக்ஸ்ட் வண்டி நன்றாகவே ஓடியது. 1902-ம் ஆண்டில் எக்ஸல்பெர்க் மலைப் பந்தயத்தில் தம் பிரிவில் போர்ஷே வென்றார். அதே ஆண்டு ராணுவப் பயிற்சியின்போது, பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைத் தம் வண்டியில் வைத்து ஓட்டிச் சென்றார். 1914-ம் ஆண்டில் சரயேவோ நகரில் வேறொரு காரில் போகும்போது சுட்டுக்கொல்லப்பட்டாரே, அவரேதான். 1905-ம் ஆண்டில் சிறந்த மோட்டார் எஞ்சினீயர் என்று போர்ஷேக்குப் போயிட்டிங் பரிசு கிடைத்தது.

பரிசு வந்தது, பணம் வரவில்லை. மோட்டார்களுக்கும் டைனமோவுக்கும் செம்புக் கம்பி ஏராளமாக வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு ஒரு யந்திரம் போதும். இதற்கோ யந்திரம், டைனமோ, மோட்டார், பாட்டரி என்று நாலு சாமான். விலை ஏறிவிட்டது. இதற்குள் பெட்ரோல் யந்திரமும் மிகவும் தேறிவிட்டது. சுத்த மின்சார வண்டிகள் வியன்னாவின் தீயணைப்புப் படையில் உழைத்தன. கலப்பு வண்டியை வாங்கியவர்கள் சிலரே. 1906-ம் ஆண்டில் போர்ஷே லோனரைவிட்டு விலகி, வீனர் நாய்ஷ்டாட் நகரத்து ஆஸ்ட்ரோ-டெய்ம்லர் கம்பெனியில் தொழில்நுட்ப அதிகாரியானார்.

பீரங்கி இழுத்த வண்டி

ரோட்டில் விலைபோகாத யோசனையை யுத்தம் வாங்கிக்கொண்டது.

முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு போர்ஷே ரோட்டில் ஓடும் ரயில் ஒன்றை வகுத்தார். முன்னால் ஒரு வண்டியில் 100 குதிரை சக்தியுள்ள பெட்ரோல் யந்திரமும் டைனமோவும் இருக்கும். பின்னால் கோத்த வண்டிகளுக்குக் கம்பி வழியாக மின்சாரம் போகும். அந்த வண்டிகளின் சக்கரங்களிலும் மோட்டார்கள் இருந்தபடியால் ஒவ்வொன்றும் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு வரும். இழுவை வண்டி மட்டும் தனியாக இழுத்துத் திணறவேண்டியதில்லை. யுத்தம் வந்ததும் ஸ்கோடா ஆலையின் ராட்சத பீரங்கிகளை மலைப் பாதைகளில் ஏற்ற இந்த மாதிரி வண்டிகள் பயன்பட்டன. சக்கரத்தை மாற்றினால் தண்டவாளத்திலும் ஓடும்.

1917-ம் ஆண்டில் வியன்னா தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டாரே, அதே கல்லூரிதான்! போர்ஷே கம்பெனியின் முழுப் பெயரில் அந்தக் கௌரவ டாக்டர் பட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் அவர் குடும்பஸ்தராகியிருந்தார். எக்கர் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்த அலோய்ஸியாவை 1903-ம் ஆண்டில் மணந்தார். 1904-ல் லூயிஸ் என்ற மகளும், 1909-ல் பெரி என்ற மகனும் பிறந்தார்கள். மகன் பிறந்த அன்று தகப்பனார் வீட்டில் இல்லை. செம்மெரிங் மலையில் கார்ப் பந்தயத்தில் இருந்தார்.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் கார்ப் பந்தயங்களில் அவர் பெயர் கொடிகட்டிப் பறந்தது. 1910-ம் ஆண்டில் பிரின்ஸ் ஹைன்ரிச் பந்தயத்தில் அவர் வகுத்த கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. முதலில் வந்த காரை ஓட்டியவரும் அவரே. 1923-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து டெய்ம்லர் கம்பெனிக்குப் போனார். கோபக்காரர், பிடிவாதக்காரர், செலவைப் பற்றிக் கவலைப்படாதவர். கணக்குப் பார்க்கும் டைரக்டர்களோடு ஒத்துப்போகவில்லை. அங்கிருந்து ஸ்டெய்ர் கம்பெனி. 1931-ம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாக ஓர் ஆபீஸ் திறந்தார். பிறர் கம்பெனிகளுக்குக் கார் வகுத்துக் கொடுப்பது அதன் தொழில்.

அந்த ஆபீசுக்குப் பணம் போட்ட பங்காளிகளில் ஒருவர் அடால்ப் ரோசன்பெர்கர். பெயர் பெற்ற பந்தய ஓட்டி, யூதர். 1935-ம் ஆண்டில் அவருடைய பங்கைச் சொற்பத் தொகைக்கு வாங்கிக்கொண்டு அவரை விலக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஹிட்லரின் ஆட்கள் அவரைப் பிடித்துச் சிறை முகாமில் போட்டார்கள். தப்பிப் பிழைத்தவர் நாட்டைவிட்டே போய்விட்டார். போர்ஷேயின் புகழைப் பாடும் புத்தகங்கள் வெகுகாலம் இந்தப் பெயரை விழுங்கிவிட்டன.

ஹிட்லரின் நிழல்

1934-ம் ஆண்டில் ஹிட்லர் சர்க்காருக்காக ஜனங்களின் காரை வகுக்கும் வேலை போர்ஷேக்கு வந்தது. விலை 990 மார்க்குக்கு மேல் போகக்கூடாது என்பது ஹிட்லரின் நிபந்தனை. பின்னால் யந்திரம் வைத்து, காற்றினால் குளிரும்படி செய்து, வண்டு போன்ற காரை அவர் உருவாக்கினார். செக் நாட்டு டாட்ரா கம்பெனியின் கார்களில் இருந்த சில அம்சங்கள் இதில் இருந்தன என்று வழக்கு எழுந்து, யுத்தத்துக்குப் பிறகு வோல்க்ஸ்வாகன் கம்பெனி பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

1938-ம் ஆண்டில் ஆலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் வாரா வாரம் பணம் கட்டி முத்திரை ஒட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தத் திட்டத்தில் கார் கிடைக்கவில்லை. யுத்தம் வந்து, ஆலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது. வேலைக்கு ஆள் இல்லை என்று பிடித்த நாடுகளிலிருந்து ஆண்களையும் பெண்களையும் கொண்டுவந்து கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். சிறை முகாம் கைதிகளும் அதில் உண்டு. யுத்த காலத்தில் அந்த ஆலையில் அப்படி உழைத்தவர்கள் சுமார் 20,000 பேர். ஆலையை நடத்தியவர்களில் போர்ஷே முக்கியமானவர். 1937-லேயே அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார். அரசியலில் தமக்கு அக்கறை இல்லை என்ற தோரணையில்தான் அவர் நடந்துகொண்டார். யந்திரத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத மனிதர் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. இருபதாயிரம் பேர் கண்ணில் படாமல் போவது எளிதல்ல.

யந்திர விஷயத்தில் மட்டும் அவருடைய பழைய காதல் மாறவே இல்லை. ஹிட்லர் பெரிய டாங்கி கேட்டபோது, 66 வயதான போர்ஷே எதை எடுத்துக் கொடுத்தார்? செம்பர் வைவஸையேதான்! டாங்கிக்குள் இரண்டு பெட்ரோல் யந்திரங்கள்; அவை சுழற்றும் டைனமோக்கள்; சங்கிலிப் பட்டைகளை ஓட்டும் மின்சார மோட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் வியன்னாவில் கட்டிய வண்டி, இரும்புக் கவசம் பூண்டு சுமார் 60 டன் எடைக்கு வீங்கி வந்து நின்றது.

வியன்னாவில் கண்ட கதைதான் மறுபடியும் நடந்தது. எடை கூடுதல், செம்பு ஏராளம், யந்திரம் சூடாகிக் கோளாறு. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி, ஹிட்லரின் பிறந்த நாளன்று, போர்ஷேயின் டாங்கியும் ஹென்ஷல் கம்பெனியின் டாங்கியும் அவர் முன் கொண்டுவரப்பட்டன. கடைசியில் வென்றது ஹென்ஷல். போர்ஷே முன்கூட்டியே செய்யவைத்திருந்த சுமார் 90 டாங்கிகளின் உடல்கள் மிஞ்சின. அவற்றை டாங்கி எதிர்ப்புப் பீரங்கி வண்டிகளாக மாற்றினார்கள். வகுத்தவர் பெயரையே வைத்து அவற்றைப் பெர்டினாண்ட் என்று அழைத்தார்கள். 1943-ம் ஆண்டு ஜூலையில் ரஷ்யாவில் கூர்ஸ்க் போர்க்களத்தில் அவை இறங்கின. கண்ணிவெடியில் சிக்கியும் பழுதாகியும் பல அங்கேயே நின்றுவிட்டன.

சிறையும் கடைசி நாட்களும்

யுத்தம் முடிந்தது. 1945-ம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போர்ஷேயையும் அவருடைய மருமகனையும் கைதுசெய்தார்கள். ரெனால்ட் கம்பெனியின் புதிய சின்னக் காரைப் பற்றி யோசனை கேட்டார்கள். பிறகு டிஜோன் நகரத்துச் சிறையில் அடைத்தார்கள். எழுபது வயதில் குளிர்ச் சிறை. உடம்பு உடைந்துவிட்டது.

மகன் பெரி ஆஸ்திரியாவில் கிமுண்ட் என்ற ஊரில் மரம் அறுக்கும் ஆலைக் கொட்டகையில் பட்டறையை நடத்திக்கொண்டிருந்தார். இத்தாலியக் கம்பெனி ஒன்றுக்குப் பந்தயக் கார் வகுத்துக் கொடுத்த வகையில் பணம் கிடைத்தது. அதைக் கட்டி 1947-ம் ஆண்டு ஆகஸ்டில் தகப்பனாரை வெளியே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில் பிரெஞ்சு நீதிமன்றம் போர்ஷேயைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்த 1948-ல்தான் போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார் கிமுண்டில் பிறந்தது. அதை வகுத்தவர்கள் மகனும் அவருடைய சகாக்களும். கிழவர் பார்த்து ஆமோதித்தார்.

1950-ம் ஆண்டு நவம்பரில், 75 வயது நிரம்பிய போர்ஷே வோல்க்ஸ்வாகன் ஆலைக்குப் போனார். யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த ஆலை அப்போது ஆயிரக்கணக்கில் கார்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிற வழியெல்லாம் தாம் வகுத்த கார்களைக் கண்டார். திரும்பி வந்த சில நாட்களில் பக்கவாதம் தாக்கியது. 1951-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஸ்டுட்கார்ட் நகரில் காலமானார். ஆஸ்திரியாவில் செல் ஆம் சே என்ற ஊரில் குடும்பப் பண்ணையின் சிறு கோயிலில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

செம்பர் வைவஸ் என்ற அசல் வண்டி இன்று இல்லை. பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு போர்ஷே கம்பெனியின் காட்சிசாலைக்காரர்கள் அதே மாதிரி ஒரு வண்டியைக் கட்டி, 2011-ம் ஆண்டில் ஜினீவா மோட்டார் கண்காட்சியில் வைத்தார்கள். பொம்மை அல்ல, ஓடுகிற வண்டி. மர ஆரங்கள் உள்ள பின் சக்கரங்கள், குடம் பெருத்த முன் சக்கரங்கள், நடுவே இரண்டு குட்டி யந்திரங்கள். யந்திரத்தை நிறுத்தினாலும் வண்டி நிற்கவில்லை. பாட்டரியில் சத்தமில்லாமல் நகர்ந்தது.